கிரேடு 5-இல் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளை, இனி பியானோ வேண்டாம் என்கிறாள்

#1 மிடில்சி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முன்னறையில் ஒரு அப்ரைட் பியானோவை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இப்போது 23 பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒருத்தியைப் பற்றித்தான் இந்த இழை. மூன்று வாரமாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஏழு வயதில் என்னிடம் வந்தாள். இப்போது பதின்மூன்று. கால் தரையைத் தொடாத வயதிலிருந்து பெடலை மிதிக்கும் வயது வரை என் கண்முன்னே வளர்ந்தவள். போன பியானோ கிரேடு தேர்வில் கிரேடு 5, டிஸ்டிங்ஷன். சான்றிதழ் வந்த வாரம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டே, "மிஸ், கிரேடு 6 பீஸ் எப்போ ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டாள். வீட்டுப்பாடம் எப்போது என்று கேட்பது போல இருந்தது அந்தக் குரல்.

"இன்னைக்குப் புத்தகம் வேண்டாம். உனக்குப் பிடிச்சது எதையாவது வாசி" என்றேன்.

"எந்த பீஸ் மிஸ்?"

"எதுவேணா."

கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எனக்கு அந்த மூணுதான் மிஸ் தெரியும்" என்றாள்.

அன்று இரவு அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். வாராவாரம் நான் எழுதிக்கொடுத்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. பதினான்கு மாதம். மூன்று பீஸ். ஸ்கேல், ஆர்பெஜியோ, மறுபடி அதே மூன்று பீஸ். "பார் 17 முதல் 20 வரை, இடது கை மட்டும்" என்று என் கையெழுத்தில் ஒன்பது இடத்தில் இருக்கிறது. கிரேடு 1-லும் 2-லும் படித்ததெல்லாம் விரலைவிட்டு எப்போதோ போய்விட்டது. ஆறு வருடம் படித்த பிள்ளையின் கையில் மூன்று பாட்டுதான் இருக்கிறது என்றால், அதற்கு நான்தான் பொறுப்பு.

போன வாரம் அவள் அம்மா ஃபோன் செய்தார். ஒன்பதாம் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறது, பியானோ வேண்டாம் என்று அவளே சொல்கிறாளாம். "நீங்க பேசிப் பாருங்க மிஸ்" என்றார். பேசி என்ன ஆகும்? வாசிக்க ஆசை வரவேண்டும். உங்களில் சொல்லித் தருபவர்கள், கற்றுக்கொள்பவர்கள், பாதியில் விட்டவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். நான் எந்த இடத்தில் தவறினேன், இப்போது என்ன செய்யலாம்?

#2 ரெண்டுபேருக்குஅம்மா

மிஸ், பழியை நீங்கள் ஒருவரே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் "இப்போ எத்தனாவது கிரேடு?" என்றுதான் கேட்பார்கள். நாங்களும் பெருமையாகச் சொல்வோம். "என்ன பாட்டு வாசிக்கிறே?" என்று என் மகனிடம் நானே ஒருநாளும் கேட்டதில்லை. இதைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது. பயிற்சி நேரத்தில் நான் சமையலறையிலிருந்து "இன்னும் பத்து நிமிஷம் பாக்கி" என்று மட்டும் சொல்வேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டதில்லை. இன்றைக்கு உட்காரப் போகிறேன்.

#3 பாளைஆர்கன்

தங்கச்சி, நான் தேர்வு எதுவும் எழுதாதவன். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசித்து நாற்பது வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். நான் வளர்ந்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏதாவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயதில் என்னை ஞாயிறு பள்ளிக்கு வாசிக்கச் சொன்னார்கள். வாரத்துக்கு நாலைந்து பாட்டு. வியாழக்கிழமைதான் பாட்டு நம்பர் கைக்கு வரும். ஞாயிறு காலையில் பிள்ளைகள் பாட நிற்பார்கள். நான் தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டு நடக்கும். நாலு குரலையும் வாசிக்க முடியாத வாரத்தில் மேல் குரலும் பேஸும் மட்டும் வாசிப்பேன். நோட்டைப் பார்த்த உடனே வாசிக்கும் சைட் ரீடிங் என்று யாரும் எனக்குத் தனியாக வகுப்பு எடுத்ததில்லை. ஒரு வருடத்தில் இருநூறு பாட்டுக்கு மேல் கைவழியாகப் போனால் அது தானாக வந்துவிடும்.

அடுத்து கீர்த்தனைகள். அந்தப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருக்கும், ஸ்டாஃப் நோட்டேஷன் இருக்காது. வயதானவர்கள் பாடுவதைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் எட்டுக்கட்டை உயரத்துக்குப் போகமாட்டார்கள் என்று தெரிந்தால் அங்கேயே ஒரு ஸ்வரம் கீழே இறக்கி வாசிக்க வேண்டும். என் காது திறந்தது அங்கேதான்.

உங்கள் பிள்ளைக்கு இரண்டு குறை தெரிகிறது எனக்கு. ஒன்று, பாட்டு எண்ணிக்கை போதவில்லை. இரண்டாவது பெரியது: அவள் வாசிப்பது யாருக்கும் தேவைப்படவில்லை. தேர்வாளர் ஒருவர் கேட்டு மார்க் போட்டதோடு சரி. அவள் வாசித்தால்தான் நாலு பேர் பாட முடியும் என்று ஒரு இடத்தில் அவளை உட்கார வையுங்கள். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டமோ வீட்டுப் பிறந்தநாளோ எதுவாகவும் இருக்கட்டும்.

அப்புறம், கிரேடு 5 பிள்ளைக்குக் கிரேடு 2, 3 அளவில் வாரம் ஒரு பாட்டு கொடுங்கள். திருத்த வேண்டாம், மெருகேற்ற வேண்டாம். ஏழு நாளில் எப்படி வருகிறதோ அப்படியே வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும்.

#4 ஆர்பெஜியோ (சென்னை)

மரியாதையுடன் மறுக்கிறேன். தேர்வு இல்லாத மாணவர்களையும் வைத்திருந்தவள் நான். ஆறு மாதத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். ஒரு தேதி கண்முன்னே இருந்தால்தான் பல பிள்ளைகள் பியானோவின் மூடியைத் திறக்கிறார்கள். சின்ன ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிய கௌரவம் என்பதையும் மறக்கக் கூடாது.

தேர்வில் இருப்பதையே நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வில் 100-க்கு 66 மார்க்தான் மூன்று பீஸுக்கு. டெக்னிக்கல் ஒர்க் 14. மீதி 20 மார்க் துணைத் தேர்வுகளுக்கு. கிரேடு 5 வரைக்கும் சைட் ரீடிங், ஆரல் (காதால் கேட்டுச் சொல்வது), மியூசிக்கல் நாலெட்ஜ், இம்ப்ரொவைசேஷன் (அங்கேயே சொந்தக் கற்பனையில் வாசிப்பது) நான்கில் இரண்டைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளலாம். நம்மில் எத்தனை பேர் இம்ப்ரொவைசேஷன் எடுக்கச் சொல்கிறோம்? மனப்பாடம் செய்ய வைப்பது சுலபம் என்று நாலெட்ஜுக்குத் தள்ளிவிடுகிறோம். ஒரு பீஸுக்குப் பதிலாகப் பிள்ளை தானே எழுதியதை வாசிக்கவும் அங்கே இடம் உண்டு. என் மாணவன் ஒருவன் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் நிற்பதையும் கிளம்புவதையும் வைத்து ஒன்று எழுதினான். இடது கையில் ரெண்டே கார்டு. அதை வாசிக்கும்போது மட்டும் அவன் முதுகு நிமிர்ந்து இருக்கும்.

இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் இருவருமே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர்கள். இளையராஜா டிரினிட்டி தேர்வும் எழுதினார். பாடத்திட்டம் அவர் இசையைக் கெடுக்கவில்லையே.

#5 பாளைஆர்கன்

ஆர்பெஜியோ அம்மா சொன்ன கடைசி விஷயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. இளையராஜா சென்னைக்கு வந்து மாஸ்டரிடம் உட்காருவதற்கு முன்னால், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடை ஏறி வருடக்கணக்கில் ஆர்மோனியம் வாசித்தவர். ஆயிரம் மெட்டு காதிலும் கையிலும் இருந்த பிறகுதான் நோட்டேஷனுக்கு வந்தார். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரி. நாம் பேச்சு வராத பிள்ளைக்கு நேரே இலக்கணம் நடத்துகிறோம்.

இம்ப்ரொவைசேஷன் பற்றிச் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. நல்லது.

#6 நிறுத்தியவள்

நான் சொல்லித் தருபவள் இல்லை. கிரேடு 6 முடிந்ததும் நின்றவள். பத்தாம் வகுப்பு என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். அது காரணம் இல்லை.

என் டீச்சர் மிகவும் நல்லவர். அடித்ததில்லை, திட்டியதில்லை. எட்டு வருடம் போனேன். அந்த எட்டு வருடத்தில் அவர் எனக்காக ஒரு முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டியதில்லை. தப்பு செய்த இடத்தில் என் கையைத் தள்ளிவிட்டு நாலு பார் வாசித்துக் காட்டுவார், அவ்வளவுதான். அவர் எப்படி வாசிப்பார் என்றே எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு நாள் தவிர. மாலை ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. நோட் தெரியவில்லை. அம்மா வந்து கூட்டிப்போக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. டீச்சர் என்னை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு அந்த இருட்டில் வாசிக்க ஆரம்பித்தார். மெதுவான ஒன்று. இடது கை ஆழத்தில் ஒரு அடி, பிறகு நடுவில் இரண்டு அடி, அப்படியே போய்க்கொண்டிருந்தது. அதே பியானோதான், நான் வாசிக்கும்போது தகரம் மாதிரி ஒலிப்பது. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த பலகைக்குள்ளேயே அந்தச் சத்தம் இறங்கியது. தொடையில் அதிர்வு தெரிந்தது. கரண்ட் வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, "சரி, பி ஃபிளாட் மைனர் ஸ்கேல் வாசி" என்றார்.

அது என்ன பாட்டு என்று கேட்கத் தயங்கினேன். இப்போது எனக்கு 29 வயது. எட்டு வருடத்தில் படித்ததில் ஒன்றும் கையில் இல்லை. அந்தப் பத்து நிமிஷம் மட்டும் இருக்கிறது. போன வருடம் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினேன் என்றால் அதற்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் காரணம்.

மிடில்சி மிஸ், உங்கள் மாணவி நீங்கள் வாசித்துக் கேட்டிருக்கிறாளா?

#7 மிடில்சி

இல்லை. முழுதாக ஒன்றையும் கேட்டதில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நானே எனக்காக வாசித்து எவ்வளவு நாள் ஆகிறது என்று யோசித்தேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்றிலிருந்து காலையில் அரை மணி நேரம் வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

#8 நாலுகம்பி (தஞ்சாவூர்)

நான் வயலின்காரன், கர்நாடகம். பியானோ பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே ஒரு சங்கீதம் இருக்கிறது. பியானோ வகுப்புக்கு வரும்போது அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். அதைக் கையோடு உள்ளே கூட்டிவர ஒரு வழி சொல்கிறேன்.

கருப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையைத் தொடவே கூடாது. எஃப் ஷார்ப், அதாவது நம் கணக்கில் நாலரைக் கட்டை, அதை ஸட்ஜமாக ('ச') வைத்து மேலே போனால் மோகனம். அதே ஐந்து கட்டை, ஸட்ஜத்தை மட்டும் ஐந்தரைக்கு மாற்றினால் மத்யமாவதி. ஆறரையில் வைத்தால் இந்தோளம். ஒன்றரையில் சுத்த சாவேரி. இரண்டரையில் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று நாங்கள் மேடையில் பெரிய வித்தையாகச் செய்வது ஒரு பிள்ளையின் விரலுக்கடியில் தயாராகக் கிடக்கிறது.

எப்படிச் செய்வது? நீங்கள் இடது பக்கம் உட்கார்ந்து கீழ் ஸ்தாயியில் ஸட்ஜத்தையும் அதற்குப் பொருந்தும் இன்னொரு சுரத்தையும் மெதுவாக மாற்றி மாற்றி வாசியுங்கள், தம்புரா மாதிரி. பிள்ளை மேலே கருப்புக் கட்டையில் எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும். அபசுரம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. கொஞ்ச நேரம் போனதும் சொல்லாமல் உங்கள் ஸட்ஜத்தை மட்டும் மாற்றுங்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதே விரல், அதே கட்டை, ஆனால் மோகனத்தின் வெளிச்சம் போய் இந்தோளம் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பியானோவில் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் போக வழி இல்லை. அதனால் ராகத்தை முழுதாகப் பியானோவில் காட்டிவிட்டதாகப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். என் வயலினால் முடியாதது அங்கே இருக்கிறது: ஒரே ஆள் பத்துச் சுரத்தைச் சேர்த்து ஒலிக்க வைக்கலாம். பிள்ளை அதைத் தேடட்டும்.

#9 கம்பிமுறுக்கி

பியானோ டியூனர். ஆசிரியர்கள் பேசுமிடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லும் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். மூடியைத் திறந்து ஒரு கட்டையை அடித்தாலே காரணம் தெரிந்துவிடும். நடுப்பகுதியிலிருந்து மேலே ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று கம்பி. மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் சத்தத்தில் அலை அடிக்கும். மழைக்காலத்தில் மரமும் கம்பளியும் ஈரம் குடித்துக் கட்டை இறங்கினால் ஏறாது. அந்தப் பியானோவில் நானே அரை மணி நேரம் வாசிக்கமாட்டேன். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

வருடம் ஒருமுறையாவது சுருதி சேருங்கள், கடலோர ஊரென்றால் இரண்டு முறை. சுவரில் ஓதம் இருந்தால் பியானோவை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். 61 கட்டைக் கீபோர்டில் கனமில்லாத கட்டையில் பழகும் பிள்ளைக்கு மெதுவாகத் தொட்டால் மெல்லிசாகவும் அழுத்தினால் கனமாகவும் ஒலிக்கும் என்பதே தெரியாமல் போகிறது. காசு இல்லாத வீட்டை நான் சொல்லவில்லை. கார் வாங்கும் வீட்டைச் சொல்கிறேன்.

சுருதி சேர்த்து முடித்ததும் அந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நான் ஒன்று காட்டுவேன். மிடில் சி-யைச் சத்தம் வராமல் மெதுவாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சி-யை நான் "டக்" என்று அடித்துக் கையை எடுத்துவிடுவேன். கீழ்க் கம்பி அடங்கிவிடும். யாரும் அடிக்காத மிடில் சி தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். கம்பியை அடக்கிவைக்கும் டாம்பர் தூக்கியிருப்பதால் அந்தக் கம்பி தன் சுரம் கேட்டதும் தானே அதிர்கிறது. சி-க்குப் பதில் அதற்கு மேலிருக்கும் ஜி-யைப் பிடித்தாலும் பாடும். பிள்ளைகள் தலையைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். மூடியைத் திறந்து சுத்தியலைக் காட்டாமல் எத்தனையோ வருடம் பியானோ நடத்துகிறார்கள்.

#10 சின்னவிரல் (சென்னை)

நான் ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கிறேன். பாளை ஐயா, "தேவை" என்று நீங்கள் சொன்னது நெஞ்சில் நிற்கிறது. அதோடு இதையும் சேர்க்கிறேன்.

நாம் கொடுக்கும் நல்ல பாடங்கள் பல ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காக எழுதியவை. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் 1848-இல் தன் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு என்று சில பீஸ்கள் எழுத ஆரம்பித்து, அது 43 பீஸ் கொண்ட தொகுப்பாக வளர்ந்தது. ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மோஸ்' ஆறு புத்தகங்களில் 153 பீஸ் இருக்கின்றன, முதல் இரண்டு புத்தகங்கள் அவருடைய மகன் பேட்டருக்கு. அதில் முதல் பீஸ்களில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், ஐந்து விரலுக்குள்ளேயே. சொந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து திணறுவதைப் பார்த்தவர் எழுதியது என்று தெரியும்.

அதைப் பார்த்துத்தான் நானும் ஆரம்பித்தேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு எட்டு பார், நானே எழுதிக் கொடுப்பேன். நான் பெரிய இசையமைப்பாளர் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் நாலாவது விரல் வலுவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு மழை பிடிக்கும் என்று தெரியும். தலைப்பில் அவள் பெயர் இருக்கும். இப்படிக் கொடுத்த தாளை மட்டும் பிள்ளைகள் தொலைப்பதே இல்லை, லேமினேட் செய்துகொண்டு வந்தவர்களும் உண்டு. ஒரு பையன், "மிஸ், கடைசி பார் எனக்குப் பிடிக்கல, மாத்திட்டேன்" என்றான். எனக்கு அந்த வருடத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைக்கவில்லை.

#11 ஆர்பெஜியோ (சென்னை)

சினிமாப் பாட்டு விஷயத்தையும் பேசிவிடலாம். என் பிள்ளைகள் எல்லோரும் யூடியூபில் கட்டைமேல் கலர் கலராகப் பட்டை விழும் வீடியோவைப் பார்த்து வாசித்துக்கொண்டு வருகிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கும். நடுவில் நிறுத்தி, "இப்போ எந்தக் கார்டில் இருக்கிறாய்?" என்றால் தெரியாது. பாதியிலிருந்து ஆரம்பிக்கவும் தெரியாது. இதை ஊக்கம் என்று எடுத்துக்கொள்வதா?

#12 பாளைஆர்கன்

பாட்டு தப்பில்லை அம்மா, பிடிக்கிற வழிதான் தப்பு. அது கண்ணால் கட்டையைத் துரத்துவது. அதே பாட்டை வீடியோ இல்லாமல் முதலில் பாடச் சொல்லுங்கள். பாடிவிட்டால் ஒரு விரலால் தேடட்டும். கிடைத்ததும் இடது கைக்கு மூன்று பேஸ் சுரம் மட்டும் கொடுங்கள், ஒவ்வொரு பாருக்கும் எது ஒத்துப்போகிறது என்று அவனே வைத்து வைத்துப் பார்க்கட்டும். ஒரு வாரம் ஆகும். ஆனால் அதற்குப் பிறகு அவனை எந்தப் பாட்டும் பயமுறுத்தாது. நீங்கள் புத்தகத்தில் நடத்தும் ஹார்மனி பாடம்தான் இது.

#13 நாற்பதில்பியானோ

நான் 43 வயதில் கற்றுக்கொள்பவன். எனக்கு ஊக்கம் வந்த விதம் எளிது: என் சார் ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷமும் என்னோடு சேர்ந்து டூயட் வாசிப்பார். எனக்கு ஒரே ஒரு விரல் வேலைதான். அவர் கீழே செய்வதால் என் ஒற்றை விரல் பெரிய சங்கீதமாகக் கேட்கும். திருச்சி பஸ்ஸில் வீடு திரும்பும்போது அது காதிலேயே இருக்கும்.

#14 மிடில்சி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவள் அம்மாவிடம், நாலு வாரம் கட்டணம் வேண்டாம், பாடமும் கிடையாது, சும்மா வந்து போகட்டும் என்றேன். அரை மனதோடு அனுப்பினார். முதல் நாள் நான்தான் வாசித்தேன். கிரேடு புத்தகத்தில் இல்லாதது, கல்லூரி நாளில் எனக்குப் பிடித்தது. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் தப்பு விடுவீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் வாரம் பியானோவின் மேல்மூடியையும் முன்பலகையையும் கழற்றிவிட்டு, டியூனர் அண்ணா சொன்ன மிடில் சி வித்தையைச் செய்தோம். ஆறு வருடமாக அந்தப் பெட்டியை வாசித்தவள் அன்றைக்குத்தான் உள்ளே பார்த்தாள். ஜி-யும் பாடுகிறது என்றதும் வரிசையாக ஒவ்வொரு கட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். எது பாடுகிறது, எது பாடவில்லை என்று அவளே தாளில் குறித்தாள். நேரம் முடிந்து இருபது நிமிஷம் ஆனது எனக்கே தெரியவில்லை. கருப்புக் கட்டை மோகனத்தைப் பத்து வயதுப் பையன் ஒருவனோடும் செய்து பார்த்தேன். நான் ஸட்ஜத்தை மாற்றியதும் கையை எடுத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான், ஏதோ ஏமாற்றிவிட்டதைப் போல. நாலுகம்பி சார், நீங்கள் சொன்ன முகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வாரம் அவளிடம் கேட்டேன், உன் வீட்டில் யார் பாடுவார்கள் என்று. பாட்டி என்றாள். தம்பி குழந்தையாக இருந்தபோது ஒரு தாலாட்டு பாடுவாராம். அதைக் கற்றுக்கொண்டு வா, நாம் எழுதுவோம் என்றேன். ஃபோனில் பதிவு செய்து கொண்டுவந்தாள். பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது, இடையில் பாட்டி "போதுமா கண்ணு?" என்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு வரியாகக் காதால் பிடித்து எழுதினாள். முதலில் டி-யில் எழுதினாள். வீட்டில் அதை வாசித்து, பாட்டியைக் கூடவே பாடச் சொன்னாளாம். பாட்டிக்கு எட்டவில்லை. யாரும் சொல்லாமல் அவளாகவே முழுதையும் கீழே ஏ-க்கு இறக்கிக்கொண்டு வந்தாள். கிரேடு 5-க்குத் தியரி நடத்தியபோது டிரான்ஸ்போஸ் செய்வதற்கு எத்தனை முறை சலித்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "மிஸ், பாட்டி பாடுற ஒரு சுரம் கட்டையிலயே இல்ல." உட்கார்ந்து கேட்டோம். உண்மைதான். மூன்றாவது வரியின் நடுவில் பாட்டி நிற்கும் இடம் சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை. அந்தக் கட்டைக்கும் இந்தக் கட்டைக்கும் நடுவில் எங்கோ நின்று கொஞ்சம் ஆடுகிறது. சி-யைச் சட்டென்று தொட்டுவிட்டு சி ஷார்ப்புக்குப் போகச் சொன்னேன். வாசித்துப் பார்த்தாள். "இது பாட்டி இல்ல" என்றாள். இரண்டையும் சேர்த்து மெல்ல அமுக்கிப் பார்த்தாள். பெடலோடு, பெடல் இல்லாமல். இடது கையில் கார்டை மாற்றினால் சி பரவாயில்லாமல் கேட்கிறது என்று ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். அதுவும் முழுத் திருப்தி இல்லை.

கிரேடு 6 இப்போது இல்லை என்று முடிவாகிவிட்டது. அவள் அம்மாவுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. பள்ளி தொடங்கிய பிறகு வாரம் ஒரு நாள் வருவது கஷ்டம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மற்ற 22 பேருக்கும் பாளை அண்ணன் சொன்னபடி வாரம் ஒரு சின்னப் பாட்டு ஆரம்பித்திருக்கிறேன். அதில் ஐந்து பேருக்குத் தேர்வு நெருங்குகிறது, அவர்களுக்கு மட்டும் இரண்டையும் சமாளிப்பது சிரமமாகத்தான் இருக்கிறது. ஆர்பெஜியோ மேடம், இம்ப்ரொவைசேஷனுக்கு எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று தனியாக ஒரு இழை போடுங்கள். இரண்டு பிள்ளைகள் அதை எடுக்கிறேன் என்கிறார்கள்.

#15 ஆர்பெஜியோ (சென்னை)

கண்டிப்பாக. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

#16 நாலுகம்பி (தஞ்சாவூர்)

அந்த "இது பாட்டி இல்ல" என்ற வார்த்தைக்காக அந்தப் பிள்ளையை எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அந்தப் பதிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#17 பாளைஆர்கன்

தாலாட்டு எழுதி முடிந்ததும் ஒரு பிரதி அனுப்புவீர்களா தங்கச்சி? அந்த மூன்றாவது வரியை மட்டும் அவள் என்ன முடிவு செய்கிறாள் என்று தெரியவேண்டும்.

#18 மிடில்சி

அனுப்புகிறேன் அண்ணா. நேற்று அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூன்றாவது வரியில் அந்தச் சுரத்தை எழுதவே போவதில்லையாம். அங்கே வலது கைக்கு ஒரு ரெஸ்ட் போட்டு, இடது கை மட்டும் வாசிக்கும். அந்த இடத்தைப் பாட்டி பாடுவார்.